பெனிசிலின் உற்பத்தி

பூஞ்சணத்தை ஊட்டத் திரவத்தில் வளர்த்து, அது சுரக்கும் கிருமியெதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கும் முறை. லண்டன் செயின்ட் மேரி வைத்தியசாலையில் 1928இல் அலெக்சாந்தர் ஃபிளெமிங், கிருமி வளர்த்த தட்டொன்றில் தற்செயலாக முளைத்த பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருக்கக் கண்டு, மறு ஆண்டு அதனைப் பிரசுரித்தார். அடுத்த பத்தாண்டில் ரெய்ஸ்ட்ரிக் முதலியோர் அப்பொருளைத் தூய்மையாகப் பிரிக்க முயன்றும் கைகூடவில்லை.

1939 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டனர். 1940 மே 25இல் நச்சுக்கிருமி ஏற்றப்பட்ட எட்டுச் சுண்டெலிகளுள் மருந்து பெறாத நான்கும் இரவுக்குள் மாண்டன. பெற்ற நான்கும் மறுநாட் காலை உயிரோடிருந்தன. மனிதருக்கு வேண்டிய அளவோ மிகப் பெரிது. பூஞ்சணம் காற்றுப்படும் மேற்பரப்பிலேயே செழிக்குமாதலால், யுத்தகாலத் தட்டுப்பாட்டில் பிஸ்கட் டின்கள் முதல் நோயாளிகளின் மலப்பாத்திரம் வரை அகப்பட்டவற்றிலெல்லாம் வளர்த்துப் பார்த்த ஹீட்லி, மலப்பாத்திரத்தின் அமைப்பைத் தழுவி, மூக்கு வைத்த தட்டையான பீங்கான் கலங்களைப் பர்ஸ்லெம் நகரில் செய்வித்து, அவ்வாண்டு டிசம்பரில் தாமே வண்டியில் ஏற்றிவந்தார். கலத்தினுள் விரற்கடை ஆழமே நின்ற திரவத்தின்மேல் வெண்படலம் படர்ந்து, நீலப்பச்சையாக மாறி, மஞ்சள் துளிகளைக் கசியவிடும். அடித்திரவத்தை வடித்துக் குளிரச் செய்து, அமிலம் சேர்த்து, பெனிசிலினை ஈதரில் ஏற்றி, மீண்டும் சற்றே காரங்கலந்த நீரில் இறக்கும் உபாயமும் ஹீட்லியுடையதே.

1941 பிப்ரவரியில் காவலர் ஒருவருக்கு இம்மருந்து ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்து மறுபடி செலுத்தியும் கையிருப்புத் தீர்ந்தமையால், தேறிவந்தவர் மார்ச்சில் இறந்தார். அவருக்குற்ற காயம் ரோஜா முள்ளால் நேர்ந்ததென்பது பொது வழக்கு. விமானக் குண்டுவீச்சில் நேர்ந்ததென்பாரும் உளர்.

அதே ஆண்டு அமெரிக்காவின் பியோரியா ஆராய்ச்சி நிலையத்தில், மக்காச்சோள மாவுத்தொழிலின் கழிவுநீரை ஊட்டமாக்கியதால் விளைச்சல் பன்மடங்கு பெருகியது. பின்னர் காற்று ஊட்டப்பட்ட ஆழ்ந்த தொட்டிகளில் வளர்க்கும் முறை அமைந்தது. 1943இல் முலாம்பழமொன்றில் கிடைத்த வீரியமிக்க வகையே பிற்கால வகைகளுக்கு மூலமாயிற்று. அப்பழத்தைக் கொணர்ந்தவர் யாரென்பதில் ஒருமித்த கருத்தில்லை.

1945இல் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹீட்லிக்கு 1990இல் ஆக்ஸ்ஃபோர்டு கௌரவ வைத்திய டாக்டர் பட்டம் அளித்தது. இந்தியாவில் புனாவை அடுத்த பிம்பிரியில் பெனிசிலின் உற்பத்திக்கென 1954இல் அரசாங்க நிறுவனம் நிறுவப்பட்டது. முழுமையான இரசாயனத் தொகுப்பு முறை 1957இல் அறியப்பட்டதாயினும், இன்றும் பெனிசிலின் பூஞ்சணத்திலிருந்தே பெறப்படுகிறது.