டிராக் ரேஸ் காரில் டிரான்ஸ்பிரேக்: பொருத்துதலும் ஒயரிங்கும்

டிரான்ஸ்பிரேக் என்பது டிராக் ரேஸ் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் முதல் கியரையும் ரிவர்ஸ் கியரையும் ஒரே நேரத்தில் பிடிக்கவைத்து, சக்கரங்களுக்குச் செல்லும் தண்டைப் பூட்டிவிடும் அமைப்பு. ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனை அழுத்தியிருக்கும்வரை எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும் கார் நகராது. விரலை எடுத்ததும் ரிவர்ஸ் விடுபட்டு, கார் முதல் கியரில் பாயும். காரை அசையாமல் பிடித்துவைப்பது இதன் வேலையில் எளிய பாதி. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரத்தில் விடுவிப்பதுதான் கடினமான பாதி. சொலினாய்டைத் தேர்வதிலிருந்து எர்த் ஒயரை எங்கே முடுக்குவது என்பதுவரை எல்லா முடிவுகளையும் அந்த விடுவிப்பை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும். பல கார்களில் பிடிப்பு கச்சிதமாக இருந்தும் பந்தயம் கைநழுவிப் போவது, ஒயரிங்கைப் பிடிப்புக்காக மட்டும் செய்து முடித்துவிடுவதால்தான்.

அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு 1963-இல் தன் பந்தயங்களில் கொண்டுவந்த விளக்குத் தூணைப் பார்த்தால் விடுவிப்பு இவ்வளவு முக்கியமாவதன் காரணம் விளங்கும். வழக்கமான முறையில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, மூன்றாவதிலிருந்து அரை நொடி கழித்துப் பச்சை வரும். புரோ முறையில் மூன்று மஞ்சளும் ஒன்றாக எரியும், 0.4 நொடியில் பச்சை. முன்சக்கரம் பச்சைக்கு முன்னால் தொடக்கக் கோட்டின் ஒளிக்கதிரை விட்டு விலகினால் சிவப்பு விழும், ஆட்டம் முடிந்தது. பிந்தினால் அந்தப் பின்னடைவு பாதை முடியும்வரை தொடரும். முன்கூட்டியே அறிவித்த நேரத்துக்கு நெருக்கமாக ஓட வேண்டிய பிராக்கெட் பந்தயத்தில் வெற்றி தோல்வி நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளில் தீர்மானமாகிறது. டிரான்ஸ்பிரேக் இல்லாத ஓட்டுநர் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை ஏற்றுகிறார். ஓர் அளவுக்கு மேல் எஞ்சின் பின்பிரேக்கை வென்று காரைத் தள்ளிவிடும் என்பதால், டார்க் கன்வர்டர் எட்டக்கூடிய முழுச் சுழற்சியை அவரால் தொட முடிவதில்லை. டிரான்ஸ்பிரேக் அந்த வரம்பை நீக்கியது. காலைவிட விரல் ஒரே மாதிரி இயங்கும் என்பது கூடுதல் லாபம்.

கியர்பாக்ஸுக்குள் நடப்பதை செவ்ரோலேயின் பவர்கிளைடில் தெளிவாகப் பார்க்கலாம். 1950 முதல் 1973 வரை சாலைக் கார்களுக்காகத் தயாரான இந்த இரண்டு கியர் பெட்டி, எளிமையாலும் எடைக் குறைவாலும் இன்றும் பந்தயக் களத்தில் பரவலாகப் பயன்படுகிறது. இதில் முதல் கியருக்கு ஒரு பேண்டு டிரம்மை இறுக்கிப் பிடிக்கும். ரிவர்ஸுக்குத் தட்டுகள் அடுக்கிய கிளட்ச் ஒன்று வெளிவளையப் பல்சக்கரத்தைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து பிடித்தால் கிரகப் பல்சக்கரத் தொகுதி எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. 1964-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400 பெட்டியில், முதல் கியரின் ஃபார்வர்டு கிளட்சோடு ரிவர்ஸுக்கு உரிய டைரக்ட் கிளட்சும் பின்பேண்டும் சேர்கின்றன. பந்தயத்துக்கென மாற்றிய வால்வு பாடியில் உள்ள சொலினாய்டு, மின்சாரம் வந்ததும் ஒரு வால்வை நகர்த்தி, அழுத்த ஆயிலை ரிவர்ஸ் பிஸ்டனுக்குத் திருப்பிவிடுகிறது. மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் வால்வைத் திருப்பித் தள்ள, அந்த ஆயில் வெளியேற வேண்டும். ஆயில் வெளியேறும் துளையின் அளவு, கிளட்சைத் திருப்பும் ஸ்பிரிங்கின் வலு, தட்டுகளுக்கு இடையே விட்ட இடைவெளி ஆகியவை சேர்ந்துதான் விடுவிப்பு நேரத்தை நிர்ணயிக்கின்றன. ஒயரிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தட்டுகளின் இடைவெளியை அளக்காமல் பெட்டியை மூடியிருந்தால் கோட்டில் அது தெரிந்துவிடும்.

மின்சுற்றின் அடிப்படை சிறியது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் கனமான ஒயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-ஆம் முனையிலிருந்து சொலினாய்டுக்கு, 86-ஆம் முனைக்கு ஸ்டீயரிங் பட்டன் தரும் சமிக்ஞை, 85 எர்த். சொலினாய்டு இழுக்கும் மின்னோட்டத்தை ஸ்டீயரிங்கின் சுருள் ஒயரிலும் சிறு பட்டனின் தொடுமுனைகளிலும் நேரடியாகச் செலுத்தினால், அவை கருகிக் கருகித் தடை கூடும், அதனால்தான் ரிலே. ரிலே திறக்கவே சில மில்லி நொடிகள் ஆகும், அந்தத் தாமதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் மாறாத தாமதம் பந்தயத்தில் பெரிய குறையே இல்லை. ஓட்டுநர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தைத்தான் யாராலும் கணக்கில் சேர்க்க முடியாது, கருகிய பட்டன் தருவது அதைத்தான். விரலை எடுத்தபின் விடுவிப்பைக் குறித்த நேரம் தள்ளிவைக்கும் டிலே பாக்ஸ் பொருத்திய காரில் அந்தப் பெட்டியே சொலினாய்டை நேரடியாக இயக்கும்படி வடிவமைத்திருந்தால், தயாரிப்பாளரின் வரைபடத்தை மீறி இடையில் ரிலே சேர்க்கக் கூடாது.

டயோடு விஷயத்தில் தவறு நுட்பமானது. சொலினாய்டு ஒரு காயில். மின்சாரத்தை வெட்டியதும் அதிலிருந்து உயர் மின்னழுத்தம் எதிர்த்திசையில் எழுந்து, ரிலே முனைகளில் பொறி பறக்கும், பக்கத்திலுள்ள மின்னணுப் பெட்டிகள் குழம்பும். அதை அடக்கக் காயிலின் குறுக்கே டயோடு போடச் சொல்வது எல்லா எலக்ட்ரீஷியன்களுக்கும் பழகிய அறிவுரை. ஆனால் சாதாரண டயோடு அந்த மின்னோட்டத்தைக் காயிலுக்குள்ளேயே சுற்றவிடுகிறது. காந்தம் மெதுவாகவே தளர்கிறது, வால்வு தாமதமாகவே திரும்புகிறது. ரிலேயின் சொந்தக் காயிலில் டயோடு இருந்தாலும் அதன் நாக்கு விலகுவதற்கு இதே தாமதம் உண்டு. அப்படியானால் டயோடே வேண்டாமா? வேண்டாம் என்று விட்டால் ரிலே முனைகள் சீக்கிரம் தேயும், தேய்மானம் விடுவிப்பை மாற்றும். ஜெனர் டயோடு போல ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம்வரை எழவிட்டு அதற்குமேல் வெட்டும் பாகமே இங்கு சரியான தீர்வு: ஆற்றல் வேகமாகக் கரையும், உச்சமும் கட்டுக்குள் இருக்கும். டிலே பாக்ஸ் தயாரிப்பாளர் தன் அடக்கும் பாகத்தைக் கொடுத்திருந்தால், அதோடு இன்னொன்றைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

பேட்டரியின் மின்னழுத்தம் மாறினால் காயிலில் ஓடும் மின்னோட்டமும் மாறும். விடுவிப்பு தொடங்கும் புள்ளியும் நகரும். அதனால் 16 வோல்ட் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதற்கேற்ற சொலினாய்டையே பொருத்த வேண்டும். ஓட்டங்களுக்கு இடையில் சார்ஜைச் சமமாக வைப்பதும் ஒயரிங்கின் ஒரு பகுதியே. ஒற்றை ஒயர் சொலினாய்டு கியர்பாக்ஸின் உடலையே எர்த்தாகப் பயன்படுத்துகிறது. எஞ்சினும் பெட்டியும் ரப்பர் மவுண்டிங்கில் அமர்ந்திருக்கும் காரில், பெட்டியிலிருந்து பேட்டரியின் எர்த்துக்குத் தனிப் பட்டை போடாவிட்டால், மின்னோட்டம் ஷிஃப்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். பெயின்ட் சுரண்டாத இடத்தில் முடுக்கிய எர்த் லக் ஒன்றே இந்த எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும். பட்டனின் சமிக்ஞை ஒயரை இக்னிஷன் காயிலுக்கும் ஸ்பார்க் பிளக் ஒயர்களுக்கும் பக்கத்தில் கொண்டுபோகாமல் முறுக்கி ஓட்டுவது டிலே பாக்ஸுக்குத் தேவையான பாதுகாப்பு. முதல் மஞ்சளைப் பார்த்ததும் விரலை எடுக்கிறார் ஓட்டுநர். அந்த விளக்குக்கும் பச்சைக்கும் இடையே 1.5 நொடி இருக்கிறது. நடுவில் காத்திருக்க வேண்டியதை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் டிலே பாக்ஸ் எண்ணுகிறது. இரைச்சல் கலந்த சமிக்ஞையில் அந்த நுட்பத்துக்குப் பயன் இல்லை.

மின்சாரம் போனால் கார் பாய்ந்துவிடும் என்ற அமைப்பே தவறல்லவா, மின்சாரம் இல்லாதபோது பிடித்திருக்கும்படி ஏன் செய்யவில்லை என்ற எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோட்டில் ஃபியூஸ் போனால் முழு வேகத்தில் சுழலும் எஞ்சினோடு கார் புறப்படும் என்பது உண்மை. தலைகீழாக அமைத்தால், மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடும்போது ஓர் ஒயர் அறுந்தாலும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். இரண்டில் முதலாவதைத் தாங்கலாம், இரண்டாவதைத் தாங்க முடியாது. ஆகவே இன்றைய அமைப்புதான் சரி. அதற்குரிய ஒழுங்காக, கார் கோட்டுக்கு வந்தபின் அதன் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஓடும்போது பட்டனைத் தவறி அழுத்தினாலும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் அதே ஆபத்துதான். ஷிஃப்டர் முதல் கியரில் இருந்தால் மட்டுமே சுற்று முழுமையாகும்படி மைக்ரோ ஸ்விட்ச் ஒன்றைச் சேர்ப்பதை விருப்பத் தேர்வாகவே கருதக் கூடாது. அந்த ஸ்விட்ச் அதிர்வில் திறந்துகொண்டு சிவப்பு விழவைக்கும் என்ற அச்சத்துக்கு, அதை உறுதியான தகட்டில் பொருத்தி, குறைந்த மின்னோட்டம் ஓடும் பட்டன் பக்கத்தில் வைப்பதே பதில். நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்சை என்.எச்.ஆர்.ஏ. கட்டாயமாக்கியிருக்கிறது, 10.99 நொடி அல்லது அதற்குக் குறைவாக ஓடும் கார்களின் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு எஸ்.எஃப்.ஐ. 4.1 தரக் கவசத்தையும் கேட்கிறது.

சோதனையை முதலில் ஜாக்கி ஸ்டாண்டில் செய்ய வேண்டும். பின்சக்கரங்கள் தரையைத் தொடாமல், எஞ்சின் ஐடிலில், முதல் கியரில் சுழலும்போது காலால் பிரேக்கை மிதித்து நிறுத்தி, பிறகு பட்டனை அழுத்திப் பிரேக்கை விட்டால் சக்கரங்கள் அசையாமல் இருக்க வேண்டும். பட்டன் அழுத்தியிருக்கும்போதே பேட்டரி முனையிலும் சொலினாய்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குமேல் இழப்பு இருந்தால் கிரிம்ப்பையோ எர்த்தையோ திரும்பச் செய்வது நல்லது. பாதையில் முதல் ஓட்டங்களில் எஞ்சின் சுழற்சிக்கு வரம்பிடும் டூ-ஸ்டெப் லிமிட்டரைக் குறைந்த சுழற்சியில் வைத்துத் தொடங்கலாம். பூட்டிய நிலையில் எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் கன்வர்டரின் ஆயிலில் வெப்பமாகிறது. சில நொடிகளுக்குமேல் பிடித்தால் ஆயில் கருகும், கருகிய ஆயில் அடுத்த விடுவிப்பை மாற்றும். காலால் பிரேக் மிதித்துக் கிளம்பும்போது டிரைவ் ஷாஃப்ட்டும் ஆக்சிலும் முன்பே இறுகியிருக்கும். டிரான்ஸ்பிரேக்கில் அவை தளர்வாக இருந்து ஒரே அடியாக முழு முறுக்கையும் வாங்குகின்றன. யூ-ஜாயின்ட்டுகளையும் டிரைவ் ஷாஃப்ட் வளையத்தையும் ஒவ்வொரு பந்தய நாளிலும் பார்க்க வேண்டியது அதனால்தான்.