நவஹோ-சுர்ரோ செம்மறியாடும் கைநெசவும்

நவஹோ-சுர்ரோ என்பது அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் நவஹோ பழங்குடியினர் வளர்த்துவந்த செம்மறியாட்டு இனம் ஆகும். கைநெசவுக்கு எந்த ஆடு ஏற்றது என்பதை நெய்பவர் முடிவு செய்வதா, கம்பளிச் சந்தை முடிவு செய்வதா என்ற கேள்வி இந்த இனத்தின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

இதன் மூதாதை ஸ்பெயினின் சுர்ரா இன ஆடு. 1598இல் குவான் டி ஒன்யாத்தே தலைமையில் நியூ மெக்சிகோவில் குடியேறிய ஸ்பானியர் இவ்வாடுகளை ஓட்டிவந்தனர். வணிகத்தாலும் கொள்ளையாலும் இவை நவஹோ மக்களிடம் சேர்ந்தன. அண்டையிலிருந்த புவெப்லோ மக்களிடம் நெசவு கற்ற நவஹோ பெண்கள், பருத்திக்குப் பதில் கம்பளியைத் தறியில் ஏற்றினர்.

சுர்ரோவின் உடலில் இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. உள்ளே மென்மையான இழை. வெளியே நீண்ட, முரடான இழை. இரண்டும் சேர்ந்து முறுக்கேறும்போது நூல் வழவழப்பாகவும் உறுதியாகவும் அமைகிறது. கம்பளிக் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் மணலும் தூசும் உதறினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். குடிக்கவே தண்ணீரைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் பாலைநிலத்தில் இது சிறிய வசதி அல்ல. வெள்ளை, கறுப்பு, பழுப்பு, சாம்பல் என ஆட்டின் இயல்பான நிறங்களே சாயமிடாத நூலாகவும் பயன்பட்டன.

1863-64இல் கிட் கார்சன் தலைமையில் நடந்த படையெடுப்பில் மந்தைகள் அழிக்கப்பட்டன. மக்கள் பொஸ்கே ரெதோண்டோ முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 1868 உடன்படிக்கையின்படி அவர்கள் ஊர் திரும்பியபோது, 15,000 ஆடுகள் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. மந்தைகள் மீண்டும் பெருகின.

அடுத்த கேடு நல்லெண்ணத்தின் பெயரில் வந்தது. சுர்ரோ தரும் உரோமம் எடையில் குறைவு. ஆலைகள் கேட்டது மெல்லிய, சுருண்ட இழை. எனவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகள் ராம்புயே கிடாக்களைக் கொண்டுவந்து கலப்பினம் உருவாக்கினர். மெரினோ வழிவந்த ராம்புயேயின் உரோமம் ஆலைக்கு உகந்தது; தக்களிக்கு உகந்ததன்று. கொழுப்பும் மண்ணும் ஒட்டிய அந்தக் குட்டையான இழையைக் கையால் சீவுவது கடினம். நூல் முடிச்சு முடிச்சாக வந்தது. சாயமும் சீராகப் பிடிக்கவில்லை. அக்காலக் கம்பளங்கள் சிலவற்றின் தரக்குறைவுக்கு நெய்தவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

1930களில் மேய்ச்சல் நிலம் அரிக்கப்படுவதைக் காரணம் காட்டி அரசு மந்தைகளைக் கட்டாயமாகக் குறைத்தது. பல இடங்களில் ஆடுகள் உரிமையாளர்களின் கண்ணெதிரே சுடப்பட்டன. அதே காலத்தில் விங்கேட் கோட்டையில் 1935இல் தொடங்கிய அரசு ஆய்வகம், கைநெசவுக்கு ஏற்ற கம்பளி எது என்று ஆராய்ந்தது. பழைய வகை ஆட்டின் உரோமத்தையே அது சிறப்பித்தது! மந்தைகளில் அந்த வகை அதற்குள் அருகிவிட்டிருந்தது.

1970களில் எஞ்சியவை சில நூறு ஆடுகள் மட்டுமே. கால்நடை அறிவியலாளர் லைல் மெக்நீல் 1977இல் நவஹோ செம்மறித் திட்டத்தைத் தொடங்கினார். ஒதுக்குப்புற மேய்ச்சல் நிலங்களில் இருந்த பழைய சாயல் ஆடுகளைத் தேடிச் சேர்த்துப் பெருக்கி, நெசவாளர் குடும்பங்களுக்கு அளிப்பது அதன் பணி. 1986இல் இவ்வினத்துக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. சில கிடாக்களுக்கு நான்கு கொம்புகள் இருக்கும். பார்ப்பவரை முதலில் ஈர்ப்பது அதுதான். ஆனால் நூற்பதற்காக ஆடு வாங்குபவர் கொம்பை விட்டு உரோமத்தை விரித்து, இரண்டு அடுக்கும் தெளிவாகப் பிரிகிறதா, கையில் பிசுக்கு ஒட்டுகிறதா என்றே பார்க்கிறார்.