பவழக்குன்றும் அதன் சுற்றிடங்களும்

திருவண்ணாமலைக்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுவன, கார்த்திகைத் தீபம் ஏற்றப்பெறும் ஏறத்தாழ 800 மீட்டர் உயர மலையும், 217 அடி உயர இராசகோபுரமுமே. அம்மலையின் கீழ்த்திசையில், நகரை ஒட்டி, பவழக்குன்று என்னும் சிறு முகடு ஒன்றுண்டு. அதன்மீது சிறியதொரு சிவாலயம் அமைந்துள்ளது. பலரும் கவனியாது செல்லும் இக்குன்று, இறையியல் பயிலும் நாம் நின்று நோக்கத்தக்க இடமாகும்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதினரான வேங்கடராமன் வீட்டாரிடம் சொல்லாமல் மதுரையிலிருந்து இவ்வூர் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்றவர் இவரே. இவர் மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் என்பதால், இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

1898ஆம் ஆண்டின் இறுதியில் அன்னை அழகம்மாள், மகன் பவழக்குன்றில் இருப்பதறிந்து தேடி வந்தார். வீடு திரும்புமாறு நாள்தோறும் கண்ணீருடன் மன்றாடினார். மகனோ மௌனம் கலைக்கவில்லை. அவரவர் வினைப்படியே யாவும் நிகழும் என்னும் கருத்தை எழுதிக் காட்டியதோடு நின்றார். அன்னை வெறுங்கையராய்த் திரும்பினார்.

ஆயினும் வரலாறு அங்கு முடியவில்லை. 1899 முதல் மகன் தங்கியிருந்த விருபாட்ச குகைக்கு, 1916இல் அன்னை மீண்டும் வந்தார். அவ்வாண்டே இருவரும் மலையில் சற்று உயரேயுள்ள கந்தாசிரமத்திற்குச் சென்றனர். அங்கு அன்னை சமைத்து உணவளித்தார். இளைய மகனும் வந்து சேர்ந்தார். 1922இல் அன்னை மறைந்தபோது, உடல் மலையின் தென்னடிவாரத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. அச்சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. குன்றில் விடையின்றித் திரும்பிய தாயின் கல்லறையே ஆசிரமத்தின் தொடக்கமாயிற்று.

ஊழ்வினைக் கோட்பாட்டை நாம் ஏற்பதில்லை. ஆனால், அழைப்புக்கும் இல்லத்திற்கும் இடையே எழும் போராட்டத்தை நாம் அறிவோம். வலைகளையும் தகப்பனையும் விட்டுச் சென்ற சீஷரைப் பற்றி நாம் அடிக்கடிப் பிரசங்கிக்கிறோம். படவில் விடப்பட்ட செபெதேயுவைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். நம் ஆண்டவரோ சிலுவையின் வேதனையிலும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்புவித்தார். ஊழிய அழைப்பை ஏற்றுள்ள நாம், நம்மை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்போர்க்கு என்ன விடை எழுதிக் காட்டுகிறோம்?