வாலிருந்த இடத்தில் கால்

கோடை மழை இறங்கினால் மண்ணுக்குள்ளிருந்து மேலேறி வந்து, உடம்பை ஊதிக்கொண்டு கத்தும் உருண்டைத் தவளை ஒன்று உண்டு. உப்பெரோடான் சிஸ்டோமா என்பது அதன் அறிவியல் பெயர். சேலம், நாமக்கல் போன்ற வறண்ட சமவெளிகளுக்கென்றே வாய்த்த உயிர். இந்த வாரக் கதையின் நாயகன் அதுதான். ஆனால் கதை தொடங்குவது சாலமாண்டரில். நம் சமவெளியில் அது கிடையாது. கிழக்கு இமயமலை, வடகிழக்கு மலைகளுக்குப் போனால்தான் பார்க்கலாம்.

சாலமாண்டரின் காலை வெட்டினால் திரும்ப முளைக்கும். 1823இல் ஆங்கில மருத்துவர் டாட், காலோடு அதற்குப் போகும் நரம்பையும் அறுத்தார். கால் முளைக்கவில்லை. 1940களில் அமெரிக்காவின் மார்க்கஸ் சிங்கர் நரம்பிழைகளை எண்ணியே பார்த்துவிட்டார். உணர்ச்சி நரம்பா, இயக்க நரம்பா என்பது பொருட்டில்லை, போதிய இழைகள் வெட்டுவாயில் இருந்தால் சரி என்றார்.

1959இல் யின்டெமா என்ற ஆய்வாளர் செய்ததுதான் விசித்திரம். சாலமாண்டரின் கருவிலேயே நரம்புத்தண்டை எடுத்துவிட்டு, அது சாகாமலிருக்க இன்னொரு கருவோடு ஒட்டி வளர்த்தார். நரம்பு எட்டாமலே கைகள் உருவாயின. வெட்டினாலும் திரும்ப முளைத்தன! அப்படிப்பட்ட கையில் பின்னர் நரம்பு ஏறவிட்டால், அதன் பிறகு நரம்பில்லாமல் அதற்கு முடியாது. காபி குடித்தே பழகாத வீட்டில் காலைத் தலைவலி இல்லை என்பது போலத்தான்.

ஆக, நரம்புக்குப் பழகிய காலில் வளரத் தூண்டுவது நரம்பு. ஆனால் இன்னது வளர வேண்டும் என்று சொல்வது எது? முதல் துப்பு ஜெய்ப்பூரில் கிடைத்தது. 1978இல் நியாஜியும் சக்சேனாவும் தேரையின் தலைப்பிரட்டைகளில் பின்காலை வெட்டி, வைட்டமின் ஏ கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டிய இடத்தில், போன பாகத்தோடு நிற்காமல் தொடையும் சேர்ந்து முளைத்தது. அந்தக் கட்டுரை போலந்து இதழ் ஒன்றில் வந்ததால் கவனித்தவர்கள் குறைவு. 1982இல் லண்டனில் மால்கம் மேடன் ஆக்சோலாட் என்ற சாலமாண்டரில் இதைக் காட்டி 'நேச்சர்' இதழில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. எங்கே அச்சாகிறது என்பதும் அறிவியலில் ஒரு பாதி விஷயம்தான்.

அடுத்தது புவனேஸ்வரம், உத்கல் பல்கலைக்கழகம். பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி விலங்கியலாளர், ஒடிசி நடனக்காரரும்கூட. மாணவியாக 1954இல் டெல்லியில் ஆடி விமர்சகர் சார்லஸ் ஃபாப்ரியை வியக்கவைத்தவர். அவரும் சுஷில் குமார் தத்தாவும் மஹாபாத்ராவும் நம் உருண்டைத் தவளையின் தலைப்பிரட்டைகளில் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கொடுத்தார்கள். வால் வர வேண்டிய இடத்தில் பின்னங்கால்கள் வந்தன. தொடை, பாதம், விரல் எல்லாம் இருந்தன. வெட்டுவாய் செல்கள் உடலில் தாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று வைத்திருந்த கணக்கையே வைட்டமின் ஏ மாற்றிவிட்டது; இடுப்பருகே இருப்பதாக நினைத்து அவை காலைக் கட்டின.

1992இல் இது 'நேச்சரில்' வெளியானது. இந்த முறை போலந்து வரை போக வேண்டியிருக்கவில்லை. மறு ஆண்டே மேடன் ஐரோப்பியத் தவளையில் செய்துபார்த்தார். அங்கும் வாலுக்குப் பதில் கால்.

(தொடரும்)