பாலுவின் மண் குவளை

கிரிக்கெட் என்றவுடன் பழைய பெயர்களுள் முதலில் நம் நாவில் வருவது ரஞ்சித்சிங்ஜி என்னும் அரசகுமாரரின் பெயரே. ஆங்கிலப் பாடசாலையில் எனக்கும் அப்பெயரையே கற்பித்தார்கள். மட்டை பிடித்த மன்னரை உலகம் அறியும். பந்து வீசிக் கூலி பெற்ற பல்வங்கர் பாலுவை அறிந்தோர் எத்தனை பேர்?

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில், தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பில் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியர் சங்கமொன்றில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடுகளத்தைச் சமன் செய்து, வலை கட்டி, துரைமாரின் பயிற்சிக்காகப் பந்தும் வீசி வந்தார். மணிக்கணக்காக வீசியும், மட்டையை அவர் கையில் எவரும் கொடுத்தாரில்லை. மட்டை பிடிப்பது கனவான்களின் பொழுதுபோக்கு. பந்து வீசுவது வேலைக்காரனின் உழைப்பு என்பது அக்கால நியாயம். எனினும் அவ்வுழைப்பே அவரை இணையற்ற இடக்கைப் பந்து வீச்சாளராக்கிற்று.

ஐரோப்பியரை வெல்லத் துடித்த பூனா இந்துக்களுக்குப் பாலு தேவைப்பட்டார். தயக்கத்துடன் சேர்த்துக் கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டார்கள். தேநீர் வேளையிலோ, அவருக்குக் கொட்டகைக்கு வெளியே தனி மண் குவளை! பந்தில் ஒட்டாத தீட்டு கோப்பையில் மட்டும் எங்ஙனம் ஒட்டிற்று? இதற்கு எந்த வைதீகராவது விடை கூறுவாரா?

1906-இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது பாலுவின் பங்கு பெரிது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் அவர் ஒருவரே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தனை தகுதி இருந்தும் தலைமைப் பதவி மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அந்த அநீதியைக் கண்டித்து 1920-இல் அவருடைய தம்பிமார் சிவராமும் விட்டலும் ஆட மறுத்தனர். அதன் பலன் 1923-இல் கிட்டிற்று. விட்டல் இந்துக் குழுவின் தலைவரானார்.

பாலுவின் அரசியல் வழியை யாவரும் ஒப்புவரென்று சொல்வதற்கில்லை. 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். 1937-இல் டாக்டர் அம்பேத்கரை எதிர்த்தே தேர்தலில் நின்று தோற்றார். 1955-இல் மறைந்தார்.

இது எங்கோ பூனாவில் நடந்த பழங்கதை என்று நாம் தப்பித்துக் கொள்ளலாமா? நான் கிராணியாக வேலை பார்க்கும் தோட்டத்தில் மாலை வேளையில் இளைஞர்கள் பந்தாடுகிறார்கள். கோல் விழுந்தால் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக் கொள்கிறார்கள். ஆனால் அவ்விளைஞருள் ஒருவன் மற்றவன் வீட்டில் பெண் கேட்கட்டும், "நீங்கள் எந்த ஆட்கள்?" என்ற கேள்வி உடனே எழுகிறது. வெற்றிக்கு வேண்டியவன் உறவுக்கு வேண்டாதவனாகிறான்.

மண் குவளை உடைந்துவிட்டதென்று நாம் பெருமை பேசுகிறோம். அதன் ஓடுகள் நம் வீட்டு வாசலில் கிடக்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.