சோவ்சுவாங்: தண்ணீர் காத்த ஊரும், பணம் காக்காத மனிதரும்

சீனாவின் ஷாங்காய் நகரிலிருந்து மேற்கே பேருந்தில் சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் சோவ்சுவாங் என்ற சிற்றூர் வரும். குன்ஷான் நகர எல்லைக்குள், சூச்சோ நகருக்கு அருகில் உள்ளது. இந்த ஊரில் தெருக்கள் இருக்க வேண்டிய இடத்தில் கால்வாய்கள் ஓடுகின்றன. வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் கல்படிகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். அந்தப் படியில்தான் துணி துவைப்பார்கள், காய்கறி கழுவுவார்கள், படகில் வந்த அரிசியை இறக்குவார்கள். இன்று அதே படிகளுக்கு அருகே கேமராவோடு வந்த கூட்டம் நிற்கிறது.

இப்படிப்பட்ட ஊர்களை "நீர் நகரங்கள்" என்கிறார்கள். யாங்சே ஆற்றின் தென்கரைப் பகுதியான ஜியாங்னானில் தோங்லி, ஷிதாங், வூச்சென், நான்ஷுன் என்று இவை பல உண்டு. அவற்றில் முதலில் உலகப் புகழ் பெற்றது சோவ்சுவாங். அந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு வணிகரின் கதையும் ஓர் ஓவியத்தின் கதையும் இருக்கின்றன.

பெயர் வந்த விதம்

1086ஆம் ஆண்டில், சோங் அரச வம்சத்தின் காலத்தில், சோவ் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் தன் நிலத்தைப் புத்த கோயிலுக்குத் தானமாகக் கொடுத்தார். ஊர் மக்கள் நன்றியோடு அந்த இடத்தை "சோவின் பண்ணை" என்று அழைத்தார்கள். அதுதான் சோவ்சுவாங்.

வெறும் பண்ணை எப்படி வணிக ஊரானது? இதற்குப் பதில் தண்ணீர்தான். லாரியும் ரயிலும் இல்லாத காலத்தில் சரக்கை மலிவாகக் கொண்டு போக ஒரே வழி படகு. பத்துப் பேர் தோளில் சுமக்க முடியாத நெல்லை ஒரு படகோட்டி தனியாகக் கொண்டு போய்விடுவான். சோவ்சுவாங்கின் கால்வாய்கள் ஏரிகளோடு இணைந்தவை. அங்கிருந்து சூச்சோவுக்கும், அதன் வழியே பெருங்கால்வாய்க்கும், யாங்சே ஆறு வழியே கடலுக்கும் போகலாம். அரிசி, பட்டு, கைவினைப் பொருட்கள் எல்லாம் இந்த வழியில்தான் போயின. போக்குவரத்துச் செலவு குறைந்த இடத்தில் சந்தை கூடும் என்று இன்று வணிகவியல் வகுப்பில் படிப்பதை, இந்த ஊர் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது.

ஷென் வான்சான்: பெரும் பணக்காரர்

14ஆம் நூற்றாண்டில், யுவான் வம்சத்தின் இறுதிக் காலத்தில், இந்த ஊரில் வாழ்ந்தவர் ஷென் வான்சான். இவருடைய தந்தை காலத்தில்தான் குடும்பம் இங்கே குடியேறியது. முதலில் விவசாயம், பிறகு வணிகம். கடல் கடந்த வாணிபத்திலும் ஈடுபட்டார் என்று சொல்லப்படுகிறது. சீனாவில் இன்றும் "பெரும் பணக்காரர்" என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களில் இவருடையதும் ஒன்று. எடுக்க எடுக்கக் குறையாத மந்திரப் பாத்திரம் ஒன்று அவரிடம் இருந்ததாகக் கூட நாட்டுப்புறக் கதை உண்டு!

1368இல் ஆட்சி மாறியது. சூ யுவான்சாங் என்ற ஏழை விவசாயியின் மகன் மிங் வம்சத்தின் முதல் பேரரசரானார். பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் குடும்பத்தை இழந்து, புத்த மடத்தில் பிச்சை எடுத்து வளர்ந்தவர் அவர். சூச்சோ பகுதியின் பணக்காரர்கள் அவருடைய எதிரியான சாங் ஷிசெங்கின் ஆட்சியில் வாழ்ந்தவர்கள். 1367இல் சாங் தோற்ற பிறகும் பேரரசருக்கு அந்தக் கோபம் தீரவில்லை. சூச்சோ மீது கடுமையான வரி போட்டார். நாட்டின் நிலத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு கொண்ட அந்த ஒரு மாவட்டம், நாட்டின் மொத்த நில வரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டி வந்தது.

இந்தச் சூழலில்தான் அந்தப் புகழ்பெற்ற சம்பவம். 1739இல் முடிக்கப்பட்ட மிங் வம்ச வரலாற்று நூல் இதைச் சொல்கிறது. தலைநகர் நான்ஜிங்கின் மதிலில் மூன்றில் ஒரு பங்கை ஷென் தன் செலவில் கட்டிக் கொடுத்தார். அந்த மதிலின் நீளம் சுமார் 35 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு தனி மனிதர் கட்டியது ஏறக்குறைய 12 கிலோமீட்டர்! அதோடு நிற்காமல், பேரரசரின் படை வீரர்களுக்கும் தானே பரிசு கொடுக்க அனுமதி கேட்டார்.

பேரரசர் கொதித்துப் போனார். படைக்குப் பரிசு கொடுப்பது அரசன் வேலை, அதைச் செய்ய நினைப்பவன் கலகக்காரன், அவனைக் கொல்ல வேண்டும் என்றார். பேரரசி மா தலையிட்டு, சட்டம் குற்றவாளிகளைத் தண்டிக்கத்தானே தவிர, பணக்காரனாக இருப்பவனைத் தண்டிக்க அல்ல என்று எடுத்துச் சொன்னார். உயிர் தப்பிய ஷென், தொலைதூர யுனானுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இது அப்படியே நடந்ததா? ஆய்வாளர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். மிங் ஆட்சி தொடங்கும் முன்பே ஷென் வான்சான் இறந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் அவருடைய சந்ததியினர் மிங் ஆட்சியில் துன்பப்பட்டது உண்மை. 1393இல் தளபதி லான் யூ மீது சுமத்தப்பட்ட சதி வழக்கில் சுமார் 15 ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் வலையில் ஷென் குடும்பமும் சிக்கிச் சிதைந்தது. ஆக, கதையின் விவரங்கள் தவறாக இருந்தாலும் அது சொல்லும் செய்தி தவறல்ல. செல்வத்தைக் காக்கும் சட்டம் இல்லாத இடத்தில், தாராளமாகக் கொடுப்பது கூட ஆபத்துதான்.

பார்க்க வேண்டியவை

இன்று பயணிகள் முதலில் தேடிப் போவது இரட்டைப் பாலத்தை. இரண்டு கால்வாய்கள் சந்திக்கும் இடத்தில், மிங் காலத்தில் கட்டப்பட்ட இரண்டு கல் பாலங்கள் செங்குத்தாக இணைகின்றன. ஒன்றின் கண் வட்டமாகவும் மற்றதன் கண் சதுரமாகவும் இருக்கும். பழைய காலச் சாவி போலத் தோன்றுவதால் "சாவிப் பாலம்" என்றும் பெயர். ஃபூவான் பாலம் இதைவிடப் பழையது, 1355இல் தோன்றியது.

ஷென் மாளிகை 1742இல் அவருடைய வழித்தோன்றல் ஒருவர் கட்டியது. நூறுக்கும் மேற்பட்ட அறைகள், ஏழு முற்றங்கள். முன்புறம் படகு கட்டும் துறை, அதன் பின் வணிகம் பேசும் கூடம், கடைசியில் குடும்பத்தினர் வாழும் பகுதி. கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ்! இன்னொரு வீடான சாங் மாளிகையில் ஓர் ஓடையே வீட்டுக்குள் ஓடுகிறது. முன்வாசலில் பல்லக்கு வரும், வீட்டுக்குள் படகு வரும் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

ஓர் ஓவியம் செய்த வேலை

1980களில் ஜியாங்னான் ஊர்கள் வேகமாக மாறின. தொழிற்சாலைகள் வந்தன, சாலைக்காகக் கால்வாய்கள் மூடப்பட்டன, பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. சோவ்சுவாங் மட்டும் தப்பியது எப்படி? நான்கு பக்கமும் தண்ணீர். அந்தப் பத்தாண்டின் இறுதி வரை முறையான சாலை கிடையாது. வளர்ச்சி ஊருக்குள் வர வழியில்லை! எந்தத் தண்ணீர் ஊரை வளர்த்ததோ, அதே தண்ணீர் அதைக் காப்பாற்றியது.

ஓவியர் சென் யீஃபெய் இரட்டைப் பாலத்தை வரைந்தார். அந்த ஓவியத்தை அமெரிக்க எண்ணெய்த் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹேமர் வாங்கி, 1984இல் சீனத் தலைவர் டெங் ஷியாவோபிங்குக்குப் பரிசளித்தார். யாருக்கும் தெரியாத ஊர் திடீரென்று செய்தியானது. அதே காலத்தில் தோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான், பழைய ஊரை இடிக்காமல் புதிய கட்டடங்களை வெளியே கட்டும் பாதுகாப்புத் திட்டத்துக்காகப் பாடுபட்டார்.

ஆனால் காப்பாற்றப்பட்ட பிறகு வேறு பிரச்சனை வந்தது. ஊருக்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டும். கால்வாய் ஓரத்து வீடுகள் பல கடைகளாகிவிட்டன. எங்கு பார்த்தாலும் முழுப் பன்றிக்காலைச் சிவக்க வேகவைத்த "வான்சான் கறி" விற்கிறார்கள். வீடு இருக்கிறது, அதில் பிறந்து வளர வேண்டிய பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். சுற்றுலா இல்லாவிட்டால் பாலங்களைப் பழுது பார்க்கப் பணம் ஏது என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

ஊரின் ஓரத்தில் "வெள்ளி ஓடை" என்ற பெயரில் ஒரு சிறிய நீர்நிலை உண்டு. யுனானில் இறந்த ஷென் வான்சானின் உடலைக் கொண்டு வந்து இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் புதைத்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். நிரூபிக்க முடியாத கதைதான். ஆனாலும் உயிரோடு இருந்தபோது செல்வத்தால் அவதிப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த மனிதர், 600 ஆண்டுகள் கழித்து, தன் பெயரால் ஓர் ஊருக்கே சோறு போடுகிறார். அரசனால் பறிக்க முடியாத சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான் போலும்.