பெருந்தச்சரின் பெயரும் கூலியும்

தச்சர் என்றதும் இன்று நமக்கு மரமும் உளியும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. முற்காலத்தில் இச்சொல்லின் பொருள் விரிந்தது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, அக்கோயிலை எடுத்த தலைமைச் சிற்பியை வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று குறிக்கிறது. வேந்தன் தன் பெயரையே ஒரு கைவினைஞருக்குச் சிறப்புப் பெயராக அளித்து, அதைக் கல்லிலும் பொறிக்கச் செய்தான். ஆங்கிலேயர் காலத்தில் இம்மதிப்பு என்னவாயிற்று என்பதை அறிய, மரத்தச்சர் ஒருவரின் வாழ்க்கையை நாம் நோக்கலாம்.

அவர் சூரத்து நகரத்துப் பார்சியாகிய லவ்ஜி நசர்வான்ஜி வாடியா. 1735இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கப்பல் கட்டுவிக்கச் சூரத்துக்கு வந்த டட்லி என்பார், அங்குத் தச்சர்களின் தலைவராயிருந்த லவ்ஜியின் திறனைக் கண்டு பம்பாய்க்கு அழைத்தார். தம் முதலாளியின் இசைவைப் பெற்ற பின்னரே லவ்ஜி இணங்கினார் என்பர். 1736இல் தச்சர் சிலருடன் அவர் பம்பாய் சேர்ந்தார். கப்பலை உள்ளே நிறுத்தி, நீரை வெளியேற்றிப் பழுது பார்க்கும் உலர்துறை அவர் காலத்தில், 1750இல், அங்கு அமைந்தது.

1774இல் லவ்ஜி மறைந்தபோது விட்டுச்சென்றவை ஒரு வீடும், 20,000 ரூபாய்க்குக் குறைவான பணமுமே. அவர்தம் பேரர் இருவர் அதே தளத்தில் மாதம் 12 ரூபாய்க்குத் தச்சு வேலை செய்தே தொழில் பயின்றனர்.

அதே 1774ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்று இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஆங்கில ஆட்சியை எதிர்த்த குடியேற்றங்களின் முதற் பேராயம் பிலடெல்பியாவில் கூடியது தச்சர்களின் மண்டபத்தில்தான். 1724இல் தோன்றிய தச்சர் சங்கத்துக்குரிய அம்மண்டபத்தை வடிவமைத்தவர் இராபர்ட் சுமித் என்னும் தலைமைத் தச்சர். எந்த வேலைக்கு என்ன விலை என்பதை அச்சங்கமே வகுத்தது. அவ்விலைகள் அடங்கிய விதிநூலை 1786இல் அச்சிட்டு, உறுப்பினரல்லாதார் கண்ணில் படாமல் காத்தது. அங்குத் தச்சர் தம் உழைப்பின் விலையைத் தாமே முடிவு செய்தனர். பம்பாயிலோ கம்பெனி அளித்ததே கூலி.

திறனில் பம்பாய்த் தச்சர்கள் எவர்க்கும் குறைந்தவரல்லர். ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ ஆணியைக் காக்கும். இத்தேக்கைக் கொண்டு லவ்ஜியின் பேரர் ஜம்செட்ஜி பொமன்ஜி கட்டிய மின்டன் என்னும் 74 பீரங்கிப் போர்க்கப்பல் 1810இல் நீரில் இறங்கியது. 1817இல் அதே தளத்தில் உருவான திருகோணமலை என்னும் கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. ஜம்செட்ஜியின் ஓவியம் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அவர் இடைக்கச்சில் வெள்ளி அளவுகோல் ஒன்றைச் செருகியிருக்கிறார்.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு. தஞ்சையிற் பிறந்த இராம் ராஸ் எழுதிய இந்துக் கட்டடக்கலை பற்றிய ஆங்கில நூல் 1834இல் இலண்டனில் வெளிவந்தது. பழஞ்சிற்ப நூல்களின் கலைச்சொற்களுக்கு அவருக்குப் பொருள் விளக்கியவர் ஒரு கம்மாளர். நூலாசிரியர் பெயரை நாம் அறிவோம். பொருள் சொன்னவரோ கம்மாளர் என்ற அளவிலேயே நின்றுவிட்டார். பெருந்தச்சன் பெயரைக் கல்லில் வெட்டிய சோழநாட்டு மண்ணில், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்த நிலை இது.

நாம் வாழும் விருத்தாசலமும் கைத்திறனால் பெயர் பெற்ற ஊரே. இங்குச் சூளையிலிருந்து வெளிவரும் பீங்கான் பொம்மை ஊரின் பெயரைச் சுமந்து செல்கிறது. வனைந்தவர் பெயரைச் சுமப்பதில்லை. கைவினைஞர் பெயரைப் பொறிப்பது பாராட்டு. வெள்ளி அளவுகோலும் பாராட்டே. ஆனால் தம் உழைப்பின் விலையைத் தாமே சொல்லும் நிலை உரிமையாகும். லவ்ஜியின் குடும்பத்துக்குப் பாராட்டு கிட்டியது. பிலடெல்பியாத் தச்சருக்கு உரிமையும் கிட்டியது. நம்மூர்க் கைவினைஞருக்கு இவ்விரண்டில் எதை நாம் அளித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை.